முள்ளியவளையும் முள்ளிவாய்க்காலும்: ஒரு புது அறிவிப்பாளர் வாசிச்ச மரண அறிவித்தல் பற்றின நிகழ்வு ஆய்வு

இது 2014ல கிளிநொச்சியில இருந்த ஒரு சின்ன வானொலிக் கலையகத்தில நடந்தது. வானொலியின்ர பேரோ ஆக்களின்ர பேரோ போடேல்ல, போடவும் மாட்டன். அந்தப் புது அறிவிப்பாளர் நான்தான். இப்ப புதுசா வாற பிள்ளையளுக்கு நான் பழக்கிறன், ஒவ்வொருக்காலும் இதை வாயால சொல்லேக்க ஏதாவது ஒண்டு விடுபட்டுப் போகுது, அதால இந்தமுறை தொடக்கத்தில இருந்து எழுதி வைக்கிறன்.

பின்னணி

நான் விசுவமடுப் பக்கம். எங்கட வீட்டில றேடியோ எண்டா அது சைக்கிளோட சேந்த சாமான். பொருளாதாரத் தடைக் காலத்தில வன்னிக்குள்ள பற்றரி வராது, கரண்டும் இல்லை, சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவில வயர் குடுத்து அண்ணா பெடலைச் சுத்தச் சுத்தத்தான் றேடியோ கதைக்கும். நான் அப்ப சின்னப்பிள்ளை, எனக்குக் கால் எட்டாது, பக்கத்தில குந்தியிருந்து பாக்கிறதுதான். இரவு ஒம்பதேகாலுக்கு பி.பி.சி தமிழோசை. 1996ல நாடு முழுக்க மணிக்கூட்டை மாத்தினாலும் புலிகளின்ர கட்டுப்பாட்டில இருந்த வன்னிக்குள்ள பழைய நேரம்தான் ஓடினது, பேந்து 2002ல ஏ9 பாதை திறந்து ஓமந்தையால போய் வரத் தொடங்கின காலத்தில வவுனியாவுக்கும் எங்களுக்கும் அரை மணித்தியாலம் வித்தியாசம், ஒரு கலியாணமோ செத்தவீடோ சொல்லி அனுப்பினா பழைய நேரமோ புது நேரமோ எண்டும் சேத்துச் சொல்லோணும். நேரத்தையும் இடத்தையும் திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்திற பழக்கம் எங்கட சனத்திட்ட இருந்தது, அதைத்தான் நான் மைக்குக்கு முன்னால போன உடனை மறந்தனான்.

அப்பம்மா றேடியோவுக்குக் காது குடுக்கிறது ரெண்டு விசயத்துக்கு, ஒண்டு செய்தி, மற்றது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்து மரண அறிவித்தல். அது தொடங்கினா வீட்டில ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட எண்டு வாசிக்க வாசிக்க அவா ஊர்ப்பேரை வாய்க்குள்ள திருப்பிச் சொல்லுவா. அண்ணாவுக்குக் கால் உளைஞ்சு சுத்துறது குறைஞ்சா குரல் மங்கிப்போகும், ஊர்ப்பேர் வாற இடத்தில மங்கினா அவனுக்குப் பேச்சு விழும். 1995ல வலிகாமத்தால இடம்பெயர்ந்து வந்த எங்கட சொந்தங்கள் வன்னி முழுக்க ஒவ்வொரு மூலையில கிடந்ததுகள், ஆர் எங்க இருக்கினம் எண்டு தெரியாது. சீவிச்சிருக்கேக்க தெரியாத விலாசம் செத்த பிறகு றேடியோவிலதான் தெரிய வருது எண்டு அப்பம்மா சொல்லுவா. இந்த வசனத்தை நான் சின்னனில இருந்து கேட்டு வளந்தனான்.

மைக்கை முதல்முதல் கையில எடுத்தது 2013 வைகாசி, வற்றாப்பளை கண்ணகை அம்மன் பொங்கல். தொண்டர்களாப் போன எங்கள்ல கொஞ்சப்பேரை ஒலிபெருக்கிக் கொட்டிலுக்கு விட்டினம், தவறின பிள்ளையளை அறிவிக்கிறது வேலை. இரவு பதினொரு மணி போல நாலு வயசுப் பெடியன் ஒண்டைக் கொண்டு வந்து மேசையில இருத்திச்சினம், பேர் கேட்டா சொல்லுறான் இல்லை, அழுகை மட்டும். கையில ஒரு பிளாஸ்ரிக் ஊதுகுழல், மஞ்சள் நிறம், வாயில வைக்கிற பக்கம் கடிச்சு நசுங்கியிருந்தது. நான் பேர் இல்லாமல் சட்டை நிறத்தையும் அந்த ஊதுகுழலையும் சொல்லி, எந்தக் கொட்டில் எண்டும் சொல்லி, மூண்டுதரம் ஆறுதலா அறிவிச்சன். பத்து நிமிசம் ஆகேல்ல, தாய் சனத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து பிள்ளையைப் பறிச்சுத் தூக்கினது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. றேடியோவுக்குப் போகோணும் எண்ட எண்ணம் அந்த இரவு வந்தது.

குரல் தேர்வும் முதல் ரெண்டு மாதமும்

அடுத்த வருசம் குரல் தேர்வுக்குக் கூப்பிட்டினம். தேர்வு செய்தது கொழும்பில கனகாலம் ஒலிபரப்பில இருந்திட்டு வந்த ஒரு அண்ணை. ஒரு செய்தித்துண்டு, ஒரு விளம்பரம், ஒரு கவிதை வாசிக்கச் சொன்னார். எங்கட பக்கத்தில வாழைப்பழம் எண்டது வாளைப்பளமாத்தான் வாயில வரும், அதைத்தான் முதல் பிடிச்சார், “பிள்ளை, குரல் இருக்கு, ழகரம் இல்லை, ரெண்டு கிழமை தாறன்” எண்டார். நான் கிளிநொச்சியில சித்தி வீட்டில நிண்டு, குசினிக்குள்ள, கிணத்தடியில, பஸ்ஸில எண்டு ழகரம் சொல்லிச் சொல்லித் திரிஞ்சன்.

பழக்கின விதத்தையும் சொல்லோணும், அவர் நல்லாத்தான் பழக்கினவர். மைக்குக்கும் வாய்க்கும் நடுவில ஒரு சாண் இடைவெளி, நேருக்கு நேர் ஊதாமல் கொஞ்சம் சரிச்சுக் கதைச்சா பகரம் வெடிக்காது. வாசிக்கிற பேப்பரை ஒரு பக்கம் மட்டும் எழுதோணும், பின் அடிக்கக்கூடாது, முடிஞ்ச தாளைத் தூக்காமல் மேசையோட வழுக்கி விடோணும், இல்லாட்டி சரசரப்பு முழுக்க எயாரில போகும். மூச்சு விடுற இடத்தில பென்சிலால சரிகோடு. கரண்ட் நிண்டா ஜெனரேற்றர் பிடிக்க முதல் கொம்பியூட்டரில எந்தப் பட்டனை அமத்துறது, சிவப்பு லைற் எரிஞ்சா கதிரையைக் கூட அசைக்கிறேல்ல. இதெல்லாம் எனக்கு இண்டைக்கும் உதவுது.

ஆனால் முழுக்க முழுக்கக் குரலும் மைக்கும்தான். நான் வாசிக்கிற தாள் எங்கயிருந்து வருது, ஆர் எழுதினது, கேக்கிற ஆள் அதை வைச்சு என்ன செய்யப் போறார் எண்டு ஒருத்தரும் சொல்லித் தரேல்ல, நானும் கேக்கேல்ல. அதோட எனக்கு வேகத்தில ஆசை. இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே. எஸ். ராஜா மூச்சு விடாமல் கதைக்கிறதை அப்பா சொல்லிச் சொல்லிப் புகழுவார், 2011ல கொக்காவில்ல அந்த 174 மீற்றர் ஒலிபரப்புக் கோபுரம் திறந்தாப் பிறகு எங்கட பக்கத்துப் பெடியளும் கொழும்பு எவ்.எம் அறிவிப்பாளர்மாரின்ர வேகத்தைக் கேட்டுத்தான் வளந்ததுகள். வேகமா, தடக்குப்படாமல் வாசிச்சா அதுதான் திறமை எண்டு நான் நம்பினனான். முதல் ரெண்டு மாதம் நிகழ்ச்சிக்கு இடையில நேரம் சொல்லுறது, பாட்டு விபரம் சொல்லுறது மட்டும். மூண்டாம் மாதம் காலமை அலுவலை என்னட்டத் தந்தினம், அஞ்சரைக்குக் கலையகம் திறக்கோணும், ஆறே முக்காலுக்கு மரண அறிவித்தல். பிறகு மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கும் பின்னேரம் ஆறே முக்காலுக்கும் திரும்ப வாசிக்கிறது.

அண்டைக்கு நடந்தது

ஒரு வியாழக்கிழமை. அறிவித்தல் நாலு இருந்தது. மூண்டு முதல்நாள் பின்னேரம் ஆக்கள் நேர வந்து எழுதிக் குடுத்தது, மற்றது இரவு போனில வந்தது. போனில எடுத்தது அலுவலகத்தில இரவு நிண்ட தம்பி ஒராள், லைன் இரைஞ்சு கொண்டிருந்ததாம், அவசரத்தில ஒரு கொப்பி ஒற்றையைக் கிழிச்சு நீல பேனையால எழுதியிருந்தார். வதிவிடம் வாற இடத்தில “முள்ளி” எண்டு எழுதி ஒரு புள்ளி. அவ்வளவுதான். அவருக்கு அது முள்ளியவளை, அவரின்ர தாய்வழிச் சொந்த ஊர் அது, அவை வீட்டில முள்ளி எண்டா முள்ளியவளைதான்.

எனக்கு அப்பிடி இல்லை. 2009ல எனக்குப் பதினாறு வயசு, கடைசிச் சண்டைக்குள்ள விசுவமடுவால வெளிக்கிட்டு, ஒவ்வொரு இடமா விட்டு விட்டுக் கடைசியா நிண்ட இடம் முள்ளிவாய்க்கால். அதுக்குப் பிறகு எங்கட வீட்டில முள்ளி எண்டு தொடங்கிற சொல்லுக்கு ஒரேயொரு முடிவுதான் இருந்தது. நான் அந்தத் தாளைப் பாத்து யோசிச்சு ஒரு முடிவெடுத்து வாசிக்கேல்ல, கண் முள்ளியைக் கண்டது, வாய் மிச்சத்தைப் போட்டு முடிச்சுது. சொல்லி முடிச்ச பிறகும் பிழை எண்டு தெரியேல்ல. தடக்குப்படேல்ல எண்டு சந்தோசப்பட்டனான் எண்டதையும் எழுதத்தான் வேணும்.

கடைசி வசனத்தில வீட்டாரின்ர போன் நம்பர் இருந்தது. பத்து இலக்கத்தையும் ஒரே மூச்சில, ஒருதரம் மட்டும் வாசிச்சன்.

இடம் தெரியாத ஆக்களுக்கு: ரெண்டு ஊரும் முல்லைத்தீவு மாவட்டம், ரெண்டும் கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலர் பிரிவுதான், ஆனால் முள்ளியவளை மாங்குளத்தால முல்லைத்தீவுக்குப் போற ஏ34 றோட்டில, தண்ணீரூற்றுக்குப் பக்கத்தில. முள்ளிவாய்க்கால் பரந்தனால புதுக்குடியிருப்பு தாண்டிப் போற ஏ35 றோட்டில. ஒண்டில இருந்து மற்றதுக்குப் போறதெண்டா வட்டுவாகல் பாலத்தையும் முல்லைத்தீவு ரவுணையும் தாண்டிச் சுத்தோணும்.

ஏழரை மணிக்கு எடுத்த முடிவு

ஏழரைக்குக் கிட்ட செத்தவீட்டில இருந்து ஒரு பெடியன் போன் எடுத்தார். கோவிக்கேல்ல, “அக்கா, ஊர் மாறிப் போச்சு, இது முள்ளியவளை” எண்டார். நான் அப்பத்தான் அந்த ஒற்றையைத் திரும்ப எடுத்துப் பாத்தன்.

பொறுப்பா நிண்ட அண்ணையிட்ட ஓடிப்போய்ச் சொன்னன். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சார். அந்த நேரம் போய்க் கொண்டிருந்தது விளம்பரதாரர் காசு குடுத்த பாட்டு நிகழ்ச்சி, நடுவில மரண அறிவித்தல் போட்டா அவையள் குறை சொல்லுவினம், அதோட வாழ்த்துப் பாட்டுகளுக்கு நடுவில சாவுச் செய்தி போடுறது கேக்கிற ஆக்களுக்கும் நல்லதில்லை எண்டு அவர் நினைச்சார். “பன்னிரண்டே முக்காலுக்குச் சரியா வாசி பிள்ளை, பிழை விட்டனாங்கள் எண்டு தனியாச் சொல்லத் தேவையில்லை, சரியானது போனாக் காணும்” எண்டார். அவர் அலட்சியமாச் சொல்லேல்ல, நிகழ்ச்சி ஒழுங்கைக் காப்பாத்திறதுதான் தன்ர பொறுப்பெண்டு நினைச்சுச் சொன்னவர், அவர் படிச்ச பெரிய நிலையங்கள்ல ஒரு நிகழ்ச்சியை முறிக்கிறது சின்ன விசயம் இல்லை. எனக்கு உள்ளுக்க ஏதோ சரியில்லாமல் இருந்தது, ஆனால் மூண்டு மாதப் பழக்கத்தில நான் என்னத்தைச் சொல்லுறது எண்டு வாய் திறக்கேல்ல. பன்னிரண்டே முக்காலுக்கு முள்ளியவளை எண்டு வாசிச்சன். காலமை சொன்னது பிழை எண்டு சொல்லேல்ல. கிரியை பத்து மணிக்கு, ஒரு மணிக்குத் தகனம் எண்டு அதே தாளில இருந்தது, அதையும் நான்தான் வாசிச்சனான்.

அந்த ஐயா வந்த நாள்

சனிக்கிழமை பின்னேரம் கலையக வாசலில ஒரு வயசு போன ஐயா வந்து நிண்டார். வெள்ளை வேட்டி, கையில கடைப் பை ஒண்டு. தருமபுரத்தில இருந்து வாறன் எண்டார். ஆரோட கதைக்கோணும் எண்டு கேக்க, “வியாழக்கிழமை காலமை அறிவித்தல் வாசிச்ச பிள்ளையைப் பாக்கோணும்” எண்டார். நான் பயந்துதான் போனன்.

செத்தது அவரின்ர பெரியம்மாவின்ர மகள். ஒரே வளவுக்குள்ள வளந்தவை, தாய் வேளைக்குச் செத்ததால அவாதான் அவருக்குச் சோறு தீத்தி வளத்தது, அவர் கதைக்கேக்க அக்கா எண்டுதான் சொன்னவர். கடைசியாக் கண்டது சண்டை முடிய ஆக்களை வைச்சிருந்த செட்டிகுளம் முகாமில. முகாமால வெளிக்கிடேக்க ஒவ்வொருத்தரையும் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு பஸ்ஸில ஏத்தினது, அவா மகளோட முல்லைத்தீவுப் பக்கம் போனா எண்டு மட்டும் தெரியும், எந்த ஊர் எண்டு தெரியாது. வியாழக்கிழமை றேடியோவில பிறப்பிடம், தேப்பன்ர பேர், புருசன்ர பேர் எண்டு வர வர அவருக்கு விளங்கிட்டுது. வதிவிடம் முள்ளிவாய்க்கால் எண்டு நான் சொன்னன். நம்பர் எழுத எண்டு பேனை தேட எழும்பினவர், திரும்பி வரேக்க நான் அடுத்த அறிவித்தலுக்குப் போயிட்டன்.

எட்டேகால் போல பஸ் எடுத்து முள்ளிவாய்க்காலில இறங்கினார். அந்த நேரம் அங்க வீடுகள் அங்கயொண்டு இங்கயொண்டு, விசாரிக்கவும் ஆக்கள் குறைவு. பறை கேக்குதா எண்டு காது குடுத்துக் கொண்டே நடந்தாராம், வாழைமரமோ தோரணமோ கட்டின வாசல் தெரியுதோ எண்டு ஒவ்வொரு ஒழுங்கையா எட்டிப் பாத்தாராம். வெய்யில் ஏறி, ஒரு வீட்டில தண்ணி வாங்கிக் குடிக்கேக்க அந்த வீட்டு மனுசி ஆர் ஆருக்கோ போன் எடுத்து, ஐயா அது முள்ளியவளையில எண்டு பிடிச்சுச் சொல்லியிருக்கிறா. பஸ் மாறிப் போய்ச் சேரேக்க ரெண்டு மணி தாண்டிட்டுது. ஆம்பிளையள் சுடலையால திரும்பி வந்து குளிச்சுக் கொண்டு நிண்டினமாம்.

“முகம் பாக்கேல்ல, வாய்க்கரிசி போடேல்ல” எண்டார். சத்தமாச் சொல்லேல்ல. நான் ஏழரைக்கே பிழை தெரியும் எண்டதை மறைக்க மனமில்லாமல் சொல்லிப் போட்டன், மத்தியானம் திருத்தி வாசிச்சனாங்கள் எண்டும் சொன்னன். அவர் என்னை நிமிந்து பாத்திட்டு, “எட்டு மணி மட்டும் றேடியோ போட்டபடிதானே பிள்ளை கிடந்தது” எண்டார். பக்கத்தில நிண்ட அண்ணை ஒண்டும் சொல்லாமல் உள்ள போயிட்டார், பேந்து தண்ணிச் செம்போட வந்து அவருக்குக் குடுத்தார். ஐயா பையை மடியில வைச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சுக் கொண்டு இருந்தார், பையின்ர கைபிடி முறுக்கி முறுக்கிக் கயிறு மாதிரிப் போயிருந்தது.

ஏன் பிழைச்சது

அண்டைக்கு இரவு நானும் அண்ணையும் போன் எடுத்த தம்பியும் இருந்து முழுக்கக் கதைச்சனாங்கள். முதல் எல்லாரும் என்ர வாயைத்தான் பாத்தினம், நானும் என்னைத்தான் குற்றம் சொன்னன், ஆனால் கதைக்கக் கதைக்க அது அவ்வளவு நேரான விசயமா இருக்கேல்ல. ஊர்ப்பேரை அரைவாசி எழுதினது ஒண்டு. எழுதினதை வீட்டாருக்குத் திருப்பி வாசிச்சுக் காட்டாதது இன்னொண்டு. அரைப்பேரைக் கண்ட நான், எழுதின ஆளை எழுப்பிக் கேக்கிறதுக்கு எட்டடி நடக்காதது என்ர பிழை, அவர் அடுத்த அறையில பாயில படுத்திருந்தார். நம்பரை அள்ளிக் கொட்டினதும் என்ர பிழைதான், அவர் அந்த நம்பரை எழுதியிருந்தா ஊர் மாறினதும் ஒரு பொருட்டா இருந்திராது.

இதுக்குள்ள பெரிசு எண்டு நான் இண்டைக்கும் நினைக்கிறது ஏழரை மணி முடிவுதான். பிழை ஆருக்கும் வரும். ஏழரைக்கும் எட்டேகாலுக்கும் நடுவில முக்கால் மணித்தியாலம் எங்கட கையில இருந்தது, அவரும் றேடியோவுக்குக் கிட்டத்தான் இருந்தவர், ஒரு நிமிசம் பாட்டை நிப்பாட்டிச் சொல்லியிருந்தா அவர் நேர முள்ளியவளைக்குப் போயிருப்பார். மத்தியானம் வாசிச்சது அவரைப் பொறுத்த மட்டில வாசிக்காததுக்குச் சமன், அவர் அப்ப றோட்டில. இன்னொண்டு, காலமையும் மத்தியானமும் கேட்ட ஒராளுக்கு ரெண்டு ஊர் சொல்லுப்பட்டிருக்கு, எது சரி எண்டு நாங்கள் சொல்லேல்ல.

போன் எடுத்த தம்பி ஒரு விசயம் சொன்னவர், அதை எழுதாமல் விடக்கூடாது. தனக்கு முள்ளி எண்டா காட்டு விநாயகர் கோயில் எண்டார், வற்றாப்பளைப் பொங்கலுக்கு முதல் கடல்தண்ணி கொண்டு வந்து விளக்கெரிக்கிற அந்தக் கோயில்தான் நினைவில வாறது எண்டார். எனக்கு முள்ளி எண்டா வேற. ஒரே எழுத்தை ரெண்டு பேர் பாத்து ரெண்டு ஊரை வாசிச்சிருக்கிறம், ரெண்டு பேரும் தங்களுக்குச் சந்தேகமே இல்லையெண்டுதான் நினைச்சனாங்கள். சந்தேகம் வந்தாக் கேள் எண்டு மட்டும் பழக்கினா இந்தப் பிழை திரும்பவும் வரும், ஏனெண்டா சந்தேகம் வரவே இல்லை.

என்ன மாத்தினம்

அறிவித்தல் எடுக்கிறதுக்கு ஒரு படிவம் அடிச்சம். ஊர்ப்பேர் சுருக்கக் கூடாது, அதோட கோயில், பள்ளிக்கூடம், சந்தி ஏதாவது ஒரு அடையாளம் கட்டாயம் எழுதோணும். பிரதேச செயலர் பிரிவு போட்டாக் காணும் எண்டுதான் முதல் நினைச்சனாங்கள், பிறகு பாத்தா இந்த ரெண்டு ஊரும் ஒரே பிரிவு, அது உதவாது. முள்ளியவளை, வித்தியானந்தாக் கல்லூரிக்குப் பக்கத்தில எண்டு வந்தா ஒருத்தரும் மாறேலாது. எழுதி முடிய வீட்டாருக்கு முழுக்கத் திருப்பி வாசிச்சு, அவை ஓம் எண்டு சொன்ன பிறகுதான் போனை வைக்கிறது, வாசிச்சுக் காட்டின ஆள் கையெழுத்தும் வைக்கோணும்.

மாறுப்படக் கூடிய ஊர்களை ஒரு பெரிய தாளில எழுதி மைக்குக்கு மேல ஒட்டினன். இரணைமடு, இரணைப்பாலை, இரணைதீவு. வட்டக்கச்சி, வட்டுவாகல், வட்டுக்கோட்டை. புதுக்குடியிருப்பு எண்டு வந்தா முல்லைத்தீவோ மன்னாரோ மட்டக்களப்போ எண்டு கேக்கோணும், மூண்டிலயும் இருக்கு. பழக வாற பிள்ளையள் தங்களுக்குத் தெரிஞ்சதைச் சேத்துச் சேத்து அந்தத் தாள் இப்ப மூண்டாவது தாளாப் போச்சு.

வாசிக்கிற விதமும் மாறினது. எயாருக்குப் போக முதல் ஒருதரம் சத்தமா வாசிச்சுப் பாக்கிறது, மனசுக்குள்ள வாசிக்கிறதில்லை, மனசுக்குள்ள வாசிச்சா கண் தனக்குத் தெரிஞ்சதைத்தான் வாசிக்கும். நம்பரை மூண்டு, மூண்டு, நாலாப் பிரிச்சு ரெண்டுதரம். ரெண்டாந்தரத்துக்கு முதல் ஒரு சின்ன இடைவெளி, பேனை தேடுற ஆளுக்கு. அந்த இடைவெளியில கலையகம் அமைதியாத்தான் இருக்கும், முதல் ரெண்டு மூண்டு நாள் எனக்கு அது பெரிய வெறுமை மாதிரிப் பட்டது, ஏதாவது சொல்லி நிரப்போணும் போல கிடந்தது, இப்ப பழகிட்டுது.

திருத்தம் பற்றின முடிவைத்தான் கஸ்ரப்பட்டு எடுத்தது. மரண அறிவித்தல்ல ஊர், நேரம், நாள் மூண்டில ஒண்டு பிழைச்சா என்ன நிகழ்ச்சி போனாலும் நிப்பாட்டி, முதல் சொன்னது பிழை எண்டு தெளிவாச் சொல்லி, சரியானதைச் சொல்லுறது, பிறகு ஒரு மணித்தியாலத்துக்குள்ள இன்னொருக்கால். இதுக்கு மேலிடம் உடனை ஓம் எண்டேல்ல. அண்ணைதான் விளம்பரதாரர்மாரோட நேர போய்க் கதைச்சார், அவையில ஒராள் தானும் வன்னியில இருந்து செத்தவீட்டுக்குப் பிந்திப் போன ஆள், மறுப்புச் சொல்லேல்ல. அண்ணை என்னட்டச் சொன்னது, அண்டைக்கு ஏழரைக்கு நீ என்னோட மல்லுக்கட்டியிருக்கோணும் எண்டு. நான் புதுசு எண்டு சொன்னன். புதுசோ பழசோ, பிழையைக் கண்டவர் சொல்லி, பொறுப்பான ஆள் மறுத்தா, ஏன் மறுத்தனான் எண்டு கொப்பியில எழுதோணும் எண்டு அவர்தான் அந்த ஒழுங்கைக் கொண்டு வந்தவர். எழுதோணும் எண்டு வந்தா மறுக்கிற ஆளும் ரெண்டுதரம் யோசிப்பார்.

முப்பத்தோராம் நாள்

அந்த ஐயா திரும்பவும் வந்தவர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அறிவித்தல் குடுக்கோணும், இந்தமுறை நீயே எழுது பிள்ளை எண்டார். காசு வாங்க அண்ணை விடேல்ல. நான் படிவத்தில எழுதி, அவருக்கு வாசிச்சுக் காட்டி, முள்ளியவளையில இருக்கிற மகளுக்கும் போன் எடுத்து வாசிச்சுக் காட்டி, அதுக்குப் பிறகு எயாரில வாசிச்சன். வழக்கமா ஒரு அறிவித்தலுக்கு எடுக்கிற நேரத்தை விடக் கூட எடுத்தது. முடிஞ்சு கொஞ்ச நேரத்தில கலையகப் போன் அடிச்சுது. “கேட்டது பிள்ளை, நம்பரும் எழுதினனான்” எண்டார். நம்பர் அவரிட்ட இருந்தது, மகளின்ர நம்பர் அவருக்கு எப்பவோ தெரியும். இருந்தும் எழுதியிருக்கிறார்.

இன்னும் மாத்த வேண்டியது

புது ஆக்களுக்கு இப்பவும் எல்லா இடத்திலயும் முதல் குடுக்கிறது குரல் பயிற்சிதான். நான் பழக்கேக்க முதல் கிழமை மைக்கைத் தொட விடுறதில்லை, போனில அறிவித்தல் எடுக்கிற வேலை, வாசலில வாற வீட்டாரோட இருந்து எழுதுற வேலை. ஒரு செத்தவீட்டு ஆள் தன்ர தாயின்ர பேரை எழுத்துக் கூட்டிச் சொல்லுறதைக் கேட்டு எழுதின பிள்ளைக்கு வாசிக்கேக்க வேகம் தானா இறங்கும். சில பிள்ளையளுக்கு இது பிடிக்கிறேல்ல, றேடியோவுக்கு வந்து கிளாக்கர் வேலை செய்யவோ எண்டு ரெண்டு பேர் விட்டிட்டுப் போனவை. அதுக்கு நான் ஒண்டும் செய்யேலாது.

இரவு வாற போன் இன்னும் பிரச்சினைதான். சாவு இரவிலதான் கனக்க வரும், இரவில ஒராள்தான் நிப்பார், லைன் இரையும், எடுக்கிற ஆக்கள் அழுதுகொண்டு கதைப்பினம், திருப்பி வாசிச்சுக் காட்ட நிக்க மாட்டினம். அந்த நேரத்தில வீட்டுக்காரரை விட்டு, அயலில ஒராளை லைனில எடுக்கச் சொல்லிக் கேக்கிறது நல்லம் எண்டு போன வருசம் தொடங்கினனாங்கள், பரவாயில்லாமல் போகுது. வெளிநாட்டில இருந்து வாற அறிவித்தல்ல நேரம் எந்த நாட்டு நேரம் எண்டதும் இப்ப படிவத்தில ஒரு கோடாச் சேந்திருக்கு, அது அப்பம்மா இருந்திருந்தா முதல்லயே கேட்டிருப்பா.

அந்த நீலப் பேனை ஒற்றையை நான் எறியேல்ல. பழக வாற ஒவ்வொரு பிள்ளையிட்டயும் பெயர் விபரங்களை மறைச்சுப் போட்டு அந்த ஒரு சொல்லை மட்டும் காட்டி, இது எந்த ஊர் எண்டு கேக்கிறனான். போன கிழமை வந்த ரெண்டு பேரில ஒராள் உடனை முள்ளிவாய்க்கால் எண்டார். மற்றவா ஒற்றையைத் திருப்பிப் பின்பக்கம் பாத்திட்டு, “இதை எழுதினவர் எங்க அக்கா, ஒருக்காக் கேக்கலாமோ” எண்டா. அவாவைத் திங்கக்கிழமையில இருந்து காலமை அலுவலுக்குப் போட்டிருக்கிறன்.